கடற்கரைக்கு எடுத்துப்போக ஒரு சின்ன டார்ச்: தண்ணீரோடு உப்பையும் மணலையும் யோசிக்க வேண்டும்

தெருவிளக்கு எட்டாத கடற்கரையில் பொழுது சாய்ந்துவிட்டால், கழற்றிப் போட்ட செருப்பு எங்கே கிடக்கிறது என்பதே தெரியாது. கையில்தான் செல்போன் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் ஈரக் கையால் தொட்டால் திரை சொன்னபடி கேட்காது. அலை தெறிக்கும் இடத்தில் அதை நீட்டிப் பிடிக்க மனமும் வராது. அவசரத்துக்கு யாரையாவது அழைக்க வேண்டிய சார்ஜை விளக்குக்குச் செலவழித்துவிட்டு நிற்பதும் சரியில்லை. அதனால்தான் கடற்கரைக்குப் போகும் பையில் தனியாக ஒரு சின்ன டார்ச் இருக்கட்டும் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, எந்த டார்ச்? வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைப் பார்ப்பார்கள். பெட்டியில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று போட்டிருக்கிறதா, எத்தனை லூமன், அதாவது எவ்வளவு வெளிச்சம். என் முதல் டார்ச்சை நானும் அப்படித்தான் வாங்கினேன். வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு வைத்துப் பார்த்தேன், உள்ளே ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. ஆனால் மூன்றாவது கடற்கரைப் பயணம் முடிந்து சில வாரம் கழித்து எடுத்தபோது, பின்மூடியைத் திருகவே முடியவில்லை. துணி சுற்றிப் பிடித்து ஒருவழியாகத் திறந்தால் மரை முழுக்க வெள்ளைப் பொடி, ஸ்பிரிங்கில் துரு, ரப்பர் வளையத்தில் ஒட்டிக்கொண்டிருந்த மணல். தண்ணீரைத் தாங்கிய டார்ச்சால் உப்பையும் மணலையும் தாங்க முடியவில்லை. கடற்கரைக்கு டார்ச் தேர்ந்தெடுக்கும்போது எதை முதலில் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ஐபி எண்ணைப் படிப்பது எப்படி

'வாட்டர்ப்ரூஃப்' என்ற சொல்லுக்கு அளவு கிடையாது. மழைச்சாரலைத் தாங்கும் டார்ச்சிலும் அதைப் போடலாம், கடலுக்கடியில் கொண்டுபோகும் டார்ச்சிலும் போடலாம். அளவைச் சொல்வது பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ஐபி எண்தான். இது ஐஇசி 60529 என்ற சர்வதேசத் தரநிலையிலிருந்து வருகிறது. ஐபி என்ற எழுத்துகளை அடுத்து இரண்டு இடங்கள் இருக்கும். முதல் இடம் தூசு, மணல் போன்ற திடப்பொருள்களுக்கானது, 0 முதல் 6 வரை போகும். இரண்டாவது இடம் தண்ணீருக்கானது, 0 முதல் 9 வரை.

தண்ணீர் எண்ணில் நமக்கு வேண்டியவை சிலதான். 4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தெறித்தாலும் தாங்கும். 5, 6 என்றால் குழாயிலிருந்து பீய்ச்சி அடிக்கும் தண்ணீரைத் தாங்கும். 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் கிடந்தாலும் பழுதாகாது. 8 என்றால் அதைவிடக் கடுமையாக, தொடர்ந்து மூழ்கியிருந்தாலும் தாங்கும். ஆனால் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளர்தான் சொல்ல வேண்டும். '8' என்று மட்டும் போட்டுவிட்டு ஆழத்தைச் சொல்லாத பெட்டியை நான் கீழே வைத்துவிடுவேன்.

பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. 7 வாங்கியிருந்தால் 5, 6 தானாகவே அதில் அடங்கிவிடும் என்று நினைக்கக்கூடாது. அசையாத தண்ணீரில் மூழ்கியிருப்பது வேறு, வேகமாக அடிக்கும் தண்ணீரைத் தாங்குவது வேறு. இரண்டுக்கும் தனித்தனிச் சோதனைகள். அலையடிக்கும் இடத்தில் டார்ச் இரண்டையும் சந்திக்கும். அதனால் ஐபிஎக்ஸ்6, ஐபிஎக்ஸ்8 என்று இரண்டையும் சேர்த்துப் போட்டிருக்கும் டார்ச் கிடைத்தால் நல்லது.

முதல் இடத்தில் வரும் எக்ஸ் என்ற எழுத்து கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு இன்னும் முக்கியம். எக்ஸ் என்றால் பூஜ்யம் என்று அர்த்தமில்லை. அந்த விஷயத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம். ஐபிஎக்ஸ்8 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் டார்ச், மணலைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆழத்தில் மூழ்கினாலும் தாங்கும் டார்ச்சுக்குள் தூசு நுழைவது கடினம் என்பது உண்மைதான். இருந்தாலும் ஐபி68 என்று இரண்டு இடத்திலும் எண் இருப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கூடுதல் நம்பிக்கை வருகிறது. முதல் இடத்தில் 6 என்றால் தூசு உள்ளே போகவே போகாது என்று சோதித்திருக்கிறார்கள்.

அப்புறம், இந்தச் சோதனைகளெல்லாம் எப்படி நடக்கின்றன என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சுத்தமான நல்ல தண்ணீரில் நடக்கின்றன, கடல்நீரில் அல்ல. புதுப் பொருளில் நடக்கின்றன. 7ஆம் எண்ணுக்கான சோதனையில் தண்ணீருக்கும் பொருளுக்கும் இடையே வெப்பநிலை 5 டிகிரிக்கு மேல் வேறுபடக்கூடாது. கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் அப்படி இல்லை. டார்ச்சை முழு வெளிச்சத்தில் பத்து நிமிடம் எரியவிட்டால் தலைப்பகுதி கையைச் சுடும், உள்ளே இருக்கும் காற்றும் சூடாகும். அந்த நேரத்தில் அது குளிர்ந்த கடல்நீரில் விழுந்தால் உள்காற்று சட்டென்று சுருங்கும். சூடான பாத்திரத்தை மூடி ஆறவைத்தால் மூடி இறுகப் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே இழுவைதான் இங்கேயும். ரப்பர் வளையத்தில் ஒரு சின்ன வழி இருந்தாலும் அந்த இழுவை வெளியே இருக்கும் தண்ணீரை உள்ளே உறிஞ்சிவிடும். சூடான டார்ச்சைத் தண்ணீரில் அலசாதீர்கள், முதலில் ஆறட்டும்.

உப்பு என்ன செய்கிறது

ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. டார்ச்சின் மேல் பட்ட தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு அங்கேயே தங்கிவிடும். தங்கிய உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் வீட்டு அலமாரியில் காய்ந்தது போலக் கிடக்கும் டார்ச்சின் மரைக்குள் மெல்லிய உப்பு ஈரம் பல நாள் இருந்துகொண்டே இருக்கும்.

சின்ன டார்ச்சுகளில் பெரும்பாலானவை அலுமினிய உடம்பு கொண்டவை. வெளியே ஆனோடைஸ் செய்திருப்பார்கள். அதாவது அலுமினியத்தின் மேற்பரப்பையே கடினமான ஆக்சைடு படலமாக மாற்றியிருப்பார்கள். அந்தப் படலம் இருக்கும்வரை உப்பு அவ்வளவு சுலபமாக உள்ளே இறங்காது. ஆனால் பல டார்ச்சுகளில் மின்சாரம் உடம்பு வழியாகவே ஓடுகிறது. அதற்காக மரையின் ஒரு பகுதியையோ குழாயின் விளிம்பையோ படலம் இல்லாமல் வெறும் உலோகமாக விட்டிருப்பார்கள். பக்கத்தில் எஃகு ஸ்பிரிங், பித்தளை அல்லது செம்பு பாகம். இரண்டு வேறு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்க, நடுவே உப்பு ஈரமும் இருந்தால் அது ஒரு சின்ன மின்கலம் ஆகிவிடும். அதில் அரிபடுவது அலுமினியம். என் டார்ச்சின் மரையில் நான் பார்த்த வெள்ளைப் பொடி அப்படி வந்ததுதான்.

இதனால் கடற்கரைக்கு மட்டும் என்றால் கெட்டியான பிளாஸ்டிக் உடம்பு கொண்ட டார்ச்சையே நான் முதலில் சொல்வேன். பிளாஸ்டிக் என்றதும் மலிவு என்று ஒதுக்கிவிட வேண்டாம். நல்ல பாலிமர் உடம்பு துருப்பிடிக்காது, அரிக்காது. அதில் ஒரு குறை உண்டு. பிளாஸ்டிக் வெப்பத்தை அவ்வளவாக வெளியே கடத்தாது என்பதால் அதிக வெளிச்சத்தை நீண்ட நேரம் கொடுக்க முடியாது. கடற்கரையில் அவ்வளவு வெளிச்சம் தேவைப்படாது என்பதைப் பின்னால் சொல்கிறேன். அலுமினியம்தான் வேண்டும் என்றால் கீறலில்லாத கடினமான ஆனோடைஸ் பூச்சு இருப்பதைப் பாருங்கள், போய்வந்ததும் கழுவும் பழக்கத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். டைட்டானியம் உப்புக்கு அசையாது, ஆனால் ஒரு சின்னக் கடற்கரை டார்ச்சுக்கு அவ்வளவு செலவு தேவையில்லை என்பது என் எண்ணம்.

இன்னொரு வசதி இப்போது நிறைய டார்ச்சுகளில் வருகிறது. பின்பக்கத்தில் காந்தம். காரின் மேலோ இரும்புக் கம்பத்திலோ ஒட்டி வைக்க நன்றாக இருக்கும். கடற்கரையில் அதுவே தொல்லை. கடற்கரை மணலில் கறுப்பாகத் தெரியும் துகள்களில் பெரும்பாலும் மேக்னடைட் என்ற இரும்புத் தாது கலந்திருக்கும். காந்தம் அதை முள்ளம்பன்றி போல இழுத்து வைத்துக்கொள்ளும், எளிதில் தட்டிவிடவும் முடியாது. காந்தத்தில் ஒட்டி சார்ஜ் செய்யும் வகை டார்ச்சாக இருந்தால், வெளியே தெரியும் உலோகப் புள்ளிகளில் இந்தத் துகள்கள் ஒட்டி இணைப்பையே கெடுக்கும். அந்தப் புள்ளிகளில் மின்னழுத்தம் இருந்தால் உப்புநீர் பட்டதும் அரிப்பும் வேகமாகும்.

வாசல்களை எண்ணிப் பாருங்கள்

டார்ச்சைக் கையில் எடுத்ததும் நான் செய்யும் முதல் வேலை, அதற்கு எத்தனை வாசல் என்று எண்ணுவது. கண்ணாடி ஒன்று, ஸ்விட்ச் ஒன்று, செல் போடும் மூடி ஒன்று, சார்ஜ் துளை ஒன்று. தண்ணீர் உள்ளே போகக்கூடிய இடங்கள் இவ்வளவுதான். ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு ரப்பர் அடைக்கிறது. வாசல் குறையக் குறைய நமக்கு நிம்மதி.

கண்ணாடிப் பக்கம் பொதுவாக ஒட்டியோ இறுக்கியோ இருக்கும், நாம் திறப்பதில்லை, அதனால் அது அவ்வளவாகத் தொந்தரவு தராது. ஸ்விட்சின் மேல் இருக்கும் ரப்பர் தொப்பியில் வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் அழுத்திப் பார்த்தால் போதும். நான்கில் பலவீனமானது சார்ஜ் துளைதான். யுஎஸ்பி துளையை மூடியிருக்கும் சின்ன ரப்பர் மடலை நாம் அடிக்கடி திறந்து மூடுவோம். மூன்று மாதத்தில் அது தளர்ந்துவிடும், அதனடியில் ஒரு மணல் துகள் உட்கார்ந்தாலே சரியாக மூடாது. தயாரிப்பாளர் சோதித்தது மடல் கச்சிதமாக மூடியிருந்த புது டார்ச்சை என்பதை மறக்கக்கூடாது. துளையில் உப்பு ஈரம் இருக்கும்போது சார்ஜ் போட்டால் உள்ளே இருக்கும் பின்கள் சீக்கிரமே அரித்துப்போகும், சில நேரம் ஷார்ட் ஆகிச் சூடேறவும் செய்யும்.

ஆகவே சார்ஜ் துளையே இல்லாத, செல்லை வெளியே எடுத்து மாற்றும் வகை டார்ச்சைத் தேடுங்கள். சார்ஜ் வசதி அவசியம் என்றால், துளை ஒரு திருகு வளையத்துக்கு அடியில் மறைந்திருக்கும் மாதிரிகளும் வருகின்றன. அந்த வளையத்துக்குத் தனி ஓ-ரிங் இருக்கும். ரப்பர் மடலைவிட அது பல மடங்கு மேல்.

ஓ-ரிங் என்பது மரைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் ரப்பர் வளையம். மூடியைத் திருகும்போது அது நசுங்கி இரண்டு உலோகங்களுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை நிரப்புகிறது. தண்ணீருக்கும் செல்லுக்கும் நடுவே நிற்பது அந்த மெல்லிய வளையம் மட்டுமே. ஒரு தலைமுடியோ ஒரு மணல் துகளோ அதன் குறுக்கே கிடந்தால், அதன் ஓரமாகத் தண்ணீர் போக வழி கிடைத்துவிடும். கடையில் மூடியைத் திறந்து பார்க்க விட்டால் கட்டாயம் பாருங்கள். வளையம் முறுக்காமல், வெடிப்பில்லாமல், லேசான கிரீஸோடு இருக்க வேண்டும். ஒன்றுக்கு இரண்டு வளையம் இருந்தால் இன்னும் நல்லது. பெட்டிக்குள் உபரி ஓ-ரிங் வைத்துக் கொடுக்கும் டார்ச்சை நான் மதிக்கிறேன். அந்த வளையம் தேயும் பொருள் என்பதை அவர்கள் ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார்கள்.

இதிலிருந்து ஒரு முக்கியமான பழக்கம் வருகிறது. மணலில் உட்கார்ந்துகொண்டு டார்ச்சைத் திறக்காதீர்கள். கிளம்புவதற்கு முன்பே முழு சார்ஜ் உள்ள செல்லைப் போட்டு மூடிவிடுங்கள். எத்தனை நல்ல ஓ-ரிங்காக இருந்தாலும், காற்றில் பறக்கும் மணல் அதன் மேல் ஒருமுறை ஒட்டினால் அதுவரை இருந்த ஐபி எண்ணுக்கு மதிப்பில்லை.

என்ன செல்

சின்ன டார்ச்சுகளில் ஏஏ அளவு, அதாவது பென்சில் பேட்டரி என்று நாம் சொல்வது, பழகுவதற்கு எளிது. எங்கும் கிடைக்கும். ஆனால் சாதாரண ஆல்கலைன் செல்லைப் போட்டு மாதக்கணக்கில் மறந்துவிட்டால் அது கசிந்து உள்ளிருக்கும் தகடுகளை அரித்துவிடும். உப்பிலிருந்து காப்பாற்றிய டார்ச்சைச் செல் கசிவில் இழந்தவர்கள் நிறையப் பேர். திரும்ப சார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களோ, ஒருமுறை பயன்படுத்தும் 1.5 வோல்ட் லித்தியம் செல்களோ கசிவது அரிது. எப்போதாவது ஒருமுறை எடுக்கும் டார்ச்சுக்கு அந்த லித்தியம் செல் பொருத்தம், பல வருடம் வைத்திருந்தாலும் சக்தி அதிகம் குறையாது, எடையும் குறைவு.

18650 போன்ற லித்தியம் அயான் செல்களில் நிறையச் சக்தி இருக்கிறது. அந்தப் பெயரிலேயே அளவு இருக்கிறது, 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். 14500 என்ற லித்தியம் அயான் செல் பார்க்க அச்சு அசல் பென்சில் பேட்டரி மாதிரியே இருக்கும். ஆனால் அது 3.7 வோல்ட். ஏஏ செல்லுக்கு மட்டும் என்று செய்த டார்ச்சில் அதைப் போட்டால் உள்ளிருக்கும் சுற்று கருகிவிடலாம்.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும்

இந்த விஷயத்தில்தான் கடைகளில் எண்கள் பறக்கும். அந்த எண்களுக்கு அர்த்தம் கொடுப்பதற்காகவே எஃப்எல்1 என்ற அமெரிக்கத் தரநிலை 2009ல் வந்தது. அதன்படி சோதித்த டார்ச்சின் பெட்டியில் சின்னச் சின்னப் படங்களோடு லூமன், தூரம், எரியும் நேரம், விழுந்தால் தாங்கும் உயரம் எல்லாம் போட்டிருப்பார்கள். அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் எப்படி அளந்தார்கள் என்று தெரிந்துகொண்டால் ஏமாற வேண்டியதில்லை.

லூமன் என்பது டார்ச்சிலிருந்து வெளிவரும் மொத்த வெளிச்சம். அதை எரியவிட்ட 30 நொடியிலிருந்து 2 நிமிடத்துக்குள் அளக்கிறார்கள். அதன்பிறகு பல டார்ச்சுகள் சூட்டைக் குறைக்கத் தாமாகவே வெளிச்சத்தை இறக்கிக்கொள்ளும். எரியும் நேரம் என்பது, ஆரம்ப வெளிச்சத்தில் 10 சதவீதமாகக் குறையும்வரை ஆகும் நேரம். '1000 லூமன், 3 மணி நேரம்' என்று போட்டிருந்தால் மூன்று மணி நேரமும் 1000 லூமன் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. முதல் சில நிமிடம் 1000, மிச்ச நேரம் முழுக்க அதில் ஒரு பங்குதான் என்றாலும் அந்த வாசகம் பொய்யாகாது.

தூரம் என்று போட்டிருப்பது, வெளிச்சம் 0.25 லக்ஸ் ஆகத் தேயும் இடம்வரை. லக்ஸ் என்பது ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு. தெளிவான வானத்தில் முழுநிலவு தரும் வெளிச்சம் ஏறக்குறைய அவ்வளவுதான். '100 மீட்டர்' என்றால் நூறு மீட்டருக்கு அப்பால் இருப்பவரின் முகம் தெரியும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது, அங்கே நிலா வெளிச்சம் அளவுக்கு ஒளி விழும், அவ்வளவே. ஒரு திசையில் ஒளி எவ்வளவு செறிவாகப் போகிறது என்பதைக் கேண்டலாவில் அளக்கிறார்கள். 100 மீட்டருக்கு 2,500 கேண்டலா வேண்டும், 200 மீட்டருக்கு 10,000 கேண்டலா வேண்டும். தூரம் இரட்டிப்பாக நான்கு மடங்கு ஒளிச்செறிவு தேவை. அதற்கு ஏற்றபடி டார்ச்சின் அளவும் சூடும் ஏறிக்கொண்டே போகும்.

கடற்கரையில் நாம் என்ன செய்கிறோம்? செருப்பைத் தேடுகிறோம், பையில் சாவியைத் துழாவுகிறோம், கிளிஞ்சலையோ நண்டு வளையையோ குனிந்து பார்க்கிறோம், பாறை இருக்கும் இடத்தில் கால் எங்கே வைப்பது என்று பார்க்கிறோம். முதல் இரண்டுக்கும் 10, 20 லூமன் தாராளம். நடப்பதற்கு 100 லூமன் இருந்தால் வசதியாக இருக்கும். எப்போதாவது தூரத்தில் போன ஒருவரைத் தேட வேண்டுமென்றால் 200, 300. அதற்கு மேல் பையில் வைக்கும் டார்ச்சுக்குத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. மேல்நிலை எவ்வளவு என்பதை விட்டுவிட்டு, மிகக் குறைந்த நிலை எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். 5 லூமனோ அதற்குக் கீழோ இறங்கும் டார்ச் உங்களுக்கு அதிகம் பயன்படும்.

கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அப்படிப் பழகிய கண்ணுக்கு நட்சத்திரமும் தெரியும், அலையின் வெள்ளை நுரையும் தெரியும், மணலின் மேடு பள்ளமும் தெரியும். 500 லூமனை ஒருமுறை தட்டினால் அத்தனையும் போய்விடும், மறுபடி அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். வெளிர் மணல் வெளிச்சத்தைத் திருப்பியும் அடிக்கும். அழுத்தியதும் நேராக உச்ச வெளிச்சத்தில் தொடங்கும் டார்ச்சுகளை நான் தவிர்ப்பதற்கு இதுவே காரணம். குறைந்த நிலையில் தொடங்கி, வேண்டுமானால் ஏற்றிக்கொள்ளும் வகையே நல்லது.

ஒளி குவிந்து தூரம் போகும் டார்ச்சைவிட, பரவலாக விழும் டார்ச் கடற்கரைக்கு ஏற்றது. நிறத்திலும் நீலம் கலந்த வெள்ளையைவிட லேசான மஞ்சள் கலந்த வெள்ளையை, அதாவது ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் எண் 4,000 அல்லது அதற்குக் கீழே இருப்பதை, நான் விரும்புகிறேன். நள்ளிரவில் அது கண்ணைக் கூசவைக்காது, ஈர மணலும் பாறையும் அதில் இயல்பான நிறத்தில் தெரியும். கடற்காற்றில் மிதக்கும் உப்புச்சாரலில் எந்த வெளிச்சமும் சிதறித் திரும்பி வரும். அப்போது டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடிக்காமல் இடுப்பளவில் தாழ்த்திப் பிடித்தால் முன்னே இருப்பது தெளிவாகத் தெரியும்.

சிவப்பு விளக்கும் சேர்ந்து இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டில் பார்ப்பதற்கு நமக்கு உதவும் கண் செல்கள் சிவப்பு ஒளியை அவ்வளவாக உணர்வதில்லை. மங்கலான சிவப்பில் வேலை பார்த்தால் பழகிய கண் கெடாது. இன்னொரு காரணம் எனக்கு இதைவிடப் பெரியது. சில கடற்கரைகளில் கடலாமைகள் முட்டையிட வரும். பொரித்து வெளிவரும் குஞ்சுகள் எந்தப் பக்கம் வெளிச்சமாக இருக்கிறதோ அதுவே கடல் என்று நம்பி நகரும். இயற்கையாக இருக்கும் கடற்கரையில் கடலின் மேலிருக்கும் அடிவானம்தான் நிலத்தைவிட வெளிச்சமாக இருக்கும். நம் கையிலிருக்கும் வெள்ளை டார்ச் அவற்றைத் திசைமாற்றி நிலத்துப் பக்கம் இழுத்துவிடும், கரையேறும் தாய் ஆமையும் வெளிச்சத்தைக் கண்டு முட்டையிடாமலே திரும்பிவிடலாம். நீலம், வெள்ளையைவிடச் சிவப்பு அவற்றைக் குறைவாகத்தான் பாதிக்கிறது. குறைவு என்றுதான் சொல்ல முடியும், அறவே இல்லை என்று அல்ல. ஆமை வரும் பருவத்தில், வரும் இடத்தில், சிவப்பு விளக்கைக்கூடத் தரையைப் பார்த்துத் தாழ்த்தி, தேவைப்படும் அந்த நொடிக்கு மட்டும் போடுங்கள். ஆமையைக் கண்டால் அணைத்துவிட்டு எட்ட நில்லுங்கள்.

கைக்கு எப்படி இருக்கிறது

ஸ்விட்சை ஈரக் கையால், கண்ணால் பார்க்காமல் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். தலையைத் திருகி எரியவைக்கும் வகையில் வாசல் குறைவு என்பது நல்லதுதான், ஆனால் மரையில் மணல் ஏறினால் திருகும்போதெல்லாம் ஓ-ரிங்கைத் தேய்க்கும். பையில் தானாக அழுத்துப்பட்டு எரியாமலிருக்கப் பூட்டு வசதி வேண்டும். பல அலுமினிய டார்ச்சுகளில் பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தினாலே இணைப்பு துண்டித்துவிடும். ஆனால் அப்படித் தளர்த்திய நிலையில் டார்ச் தண்ணீருக்குள் போனால் உள்ளே தண்ணீர் நுழையவும் வாய்ப்பு உண்டு, கடற்கரைக்கு வந்து சேர்ந்ததும் இறுக்க மறக்காதீர்கள்.

மிதக்குமா என்பது தனிக் கேள்வி. அலுமினியம் தண்ணீரைப்போல 2.7 மடங்கு அடர்த்தி கொண்டது. உள்ளே செல்லும் இருந்தால் பெரும்பாலும் நேரே அடிக்குத்தான் போகும். மிதக்கும் என்று சொல்லும் பிளாஸ்டிக் டார்ச்சுகளையும் நீங்கள் போடப்போகும் செல்லைப் போட்டே வாளியில் சோதித்துப் பாருங்கள், செல் மாறினால் எடையும் மாறும். மிதந்தாலும் மூழ்கினாலும் மணிக்கட்டில் மாட்டும் கயிறு கட்டாயம். கயிறு கோக்க ஒரு துளை இல்லாத டார்ச்சைக் கடற்கரைக்கு எடுத்துப்போக எனக்கு மனம் வராது. உடம்பின் நிறம் ஆரஞ்சாகவோ பளிச்சென்ற மஞ்சளாகவோ இருக்கட்டும். மணலில் பாதி புதைந்த கறுப்பு டார்ச்சை இருட்டில் தேட இன்னொரு டார்ச் வேண்டியிருக்கும்.

நீந்தும்போதோ முங்கும்போதோ எடுத்துப்போக வேண்டும் என்றால் அது வேறு வகை. 10 மீட்டர் ஆழத்துக்குப் போனால் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு அழுத்தம். ரப்பர் பட்டனை அந்த ஆழத்தில் அழுத்துவதே தண்ணீர் புகக் காரணமாகலாம். அதற்கென்று செய்த டைவிங் டார்ச் வாங்குங்கள். அவற்றில் பலவும் சுற்றியிருக்கும் தண்ணீரால்தான் குளிர்கின்றன, கரையில் உச்ச வெளிச்சத்தில் நீண்ட நேரம் எரித்தால் அதிகமாகச் சூடாகிவிடும்.

விட்டு விட்டு மின்னும் நிலையும் எஸ்ஓஎஸ் நிலையும் பல டார்ச்சுகளில் இருக்கும். மூன்று குறுகல், மூன்று நீளம், மூன்று குறுகல் என்பது ஆபத்து என்று உலகம் முழுக்கப் புரியும் குறியீடு. விளையாட்டாகக் கடலைப் பார்த்து அதை மின்னவிட்டால், தூரத்தில் படகில் இருப்பவர் உண்மை என்று நினைத்துக் கிளம்பி வரக்கூடும். வெறும் ஆசைக்கு அதைத் தொட வேண்டாம்.

கிளம்புவதற்கு முன்னும் வந்த பின்னும்

புது டார்ச்சை நேரே கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். முதலில் செல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் டிஷ்யூ பேப்பரைச் சுருட்டி வைத்து மூடுங்கள். வாளியில் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கி வையுங்கள். டார்ச் அறையின் சூட்டில், எரியாமல் இருக்கட்டும். வெளியே எடுத்து நன்றாகத் துடைத்த பிறகு திறந்து பேப்பரைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் ரசீதோடு கடைக்குத் திரும்பலாம், உள்ளே எதுவும் கெட்டிருக்காது.

கரையில் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று தெரிந்தால், கண்ணாடிக்குப் பின்னால் ஆவி படிவதுதான் முதல் அறிகுறி, உடனே அணைத்துவிடுங்கள். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், அதில் செல்லின் மின்சாரம் ஓடினால் வாயு உண்டாகும், மூடிய குழாய்க்குள் அழுத்தம் ஏறும். முகத்துக்கு நேராக இல்லாமல் திருப்பிப் பிடித்து, மெதுவாகத் திருகித் திறந்து செல்லை வெளியே எடுங்கள். உப்புநீரில் நனைந்த லித்தியம் அயான் செல்லைத் துடைத்து மறுபடி சார்ஜ் போட ஆசைப்படாதீர்கள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்து வீடு திரும்பினாலும், அன்றைக்கே ஐந்து நிமிட வேலை பாக்கி இருக்கிறது. டார்ச்சைத் திறக்காமல், மூடிய நிலையிலேயே நல்ல தண்ணீரில் சில நிமிடம் ஊறவிடுங்கள். குழாயில் பீய்ச்சி அடித்தால் மணல் இடுக்குகளுக்குள் போய் உட்காரும், ஊறவைத்து அசைத்தால் உப்பு கரைந்து மணல் தானாக உதிரும். ஸ்விட்ச் ஓரத்தையும் கயிறு கோத்த துளையையும் பழைய டூத் பிரஷால் லேசாகத் தேயுங்கள். துணியால் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். மூடிக்கும் உடம்புக்கும் நடுவே நிற்கும் ஈரம் திறக்கும்போது உள்ளே வழியக்கூடாது.

திறந்ததும் செல்லை எடுத்துத் தனியாக வையுங்கள். ஓ-ரிங்கையும் மரையையும் பஞ்சில்லாத துணியால் துடைத்துவிட்டு, சிலிக்கோன் கிரீஸை விரல் நுனியில் பொட்டு அளவுக்கு எடுத்து, வளையம் பளபளக்கும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். நிறையத் தடவினால் அடுத்த முறை அதுவே மணலைப் பிடித்து வைக்கும். வாசலின் மாதிரி பெட்ரோலிய ஜெல்லி சில வகை ரப்பரை ஊதவைத்துவிடும் என்பதால் அதைத் தொடுவதில்லை. மூடியை இறுக்காமல் இரண்டு சுற்று மட்டும் திருகி அலமாரியில் வைத்துவிட்டு, செல்லுக்குப் பக்கத்திலேயே அந்த உபரி ஓ-ரிங்கையும் ஒரு சின்னப் பையில் போட்டு வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை பழையதைக் கழற்றி இதை மாட்டிக்கொள்ளலாம்.